அக்கறையாய் ஒரு போன்

போன் அலறியது!

காலை எட்டரை. லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கோர்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

“கோர்ட் கிளார்க் பேசறேம்மா. இன்னிக்கு உங்க கேஸ் இல்லை. அடுத்த மாசம் பதினெட்டாம் தேதி வாங்க. வீணா அலையாதீங்க!”

“ரொம்ப நன்றி சார்...”

அக்கா பெருமூச்சு விட்டாள். “இன்னிக்கும் வாய்தாவா? நாலு வருஷம்டி! உன்னை நாசம் பண்ணின அந்த முதலாளி ஜாலியா சுத்தறான். நீ கோர்ட் படியேறித் தேயற. போதும், விட்டுடு!”

“செருப்பைப் போடுக்கா.”

“இப்பத்தானே கேஸ் இல்லைன்னு...”

“கிளம்புன்னேன்ல!”

கோர்ட்டில், கூண்டில் நின்ற முதலாளியின் சட்டையில் மடிப்புக் கலையவில்லை. அவனுக்காகப் பதினேழு வாய்தா வாங்கிய வக்கீல் இன்று புலியாய்ப் பாய்ந்தார்.

“யுவர் ஆனர்! குறுக்கு விசாரணைக்கு நாங்க ரெடி! புகார் குடுத்த பொண்ணு எங்கே? இன்னிக்கு வரலேன்னா கேஸை மூடிடுவேன்னு நீங்களே சொன்னீங்க!”

நீதிபதி அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். “கடைசியா ஒரு தடவை கூப்பிடுங்க.”

“வந்துட்டேன் மேடம்!”

வக்கீல் முகத்தில் ஈயாடவில்லை!

“யுவர் ஆனர்... லேசா நெஞ்சுவலி... ஒரே ஒரு வாய்தா...”

“இப்பத்தானே ரெடின்னீங்க? தண்ணி குடிச்சுட்டு ஆரம்பிங்க!”

வேறு வழியில்லை. ஆரம்பித்தார்.

“ஏம்மா, இத்தனை பேர் முன்னாடி அதையெல்லாம் சொல்ல வெக்கமா இல்லை?”

நாலு வருஷம் அழுதாயிற்று. நிமிர்ந்து நின்றாள். இன்று அழ மாட்டாள்!

“எனக்கெதுக்கு சார் வெக்கம்? தப்புப் பண்ணினவர் அங்க நிக்கறார். அவரைக் கேளுங்க!” நீதிபதியிடம் திரும்பினாள். “மேடம், இன்னிக்குக் கேஸ் இல்லைன்னு காலையில போன் வந்துச்சு. கிளார்க்காம்!”

கிளார்க் பதறி எழுந்தார். “ஐயோ, நான் பண்ணலை மேடம்!”

“தெரியும் சார்! நாலு வருஷத்துல ஒருநாளாவது முன்கூட்டிச் சொல்லியிருக்கீங்களா? சாயங்காலம் வரைக்கும் நிக்க வெச்சுட்டுத்தானே வாய்தாம்பீங்க! இன்னிக்கு என்னடான்னா அக்கறையா ஒரு போன்... அப்பவே புரிஞ்சு போச்சு, பேசறது கோர்ட் இல்லைன்னு!”

கோர்ட்டே சிரித்தது. கிளார்க் தலையைச் சொறிந்தார்.

முதலாளிக்கு ரத்தம் தலைக்கேறியது. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த தன் மனைவியின் தம்பியைப் பார்த்துக் கத்தினான்.

“மாப்ள! கிளார்க் மாதிரி பேசுன்னா... மரியாதையாப் பேசித் தொலைச்சியாடா?”

“நீங்க எழுதிக் குடுத்ததைத்தான் மாமா படிச்சேன்!”

கோர்ட்டே திரும்பிப் பார்த்தது!

வக்கீல் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“சாட்சியை வரவிடாம தடுக்கப் பார்த்திருக்கீங்க. ஜாமீன் ரத்து!” நீதிபதியின் குரல் உயர்ந்தது. “மாப்பிள்ளை மேலயும் கேஸ் போடுங்க. விசாரணை முடிஞ்சதும் ரெண்டு பேரும் நேரா உள்ளே!”

“விடமாட்டேன்டி!” முதலாளி கூண்டைக் குத்தினான். “மேல் கோர்ட்டுக்குப் போவேன்!”

அவள் சிரித்தாள்.

“தாராளமா மேல போங்க... நடுவுல லிஃப்ட் நின்னா மட்டும் என்னைக் கூப்பிடாதீங்க!”