மூன்றாவது பிரதி

கதவு அறைந்து சாத்தப்படும் சத்தத்தோடு முடிய வேண்டிய ஒலிப்பதிவு முடியவில்லை. ஆவணக் காப்பாளர் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். சாத்திய கதவு மறுபடி திறந்தது. பூட்ஸ் கால்கள், எந்த அவசரமும் இல்லாமல், உள்ளே வந்து நின்றன.

மூல நாடாவை முழுக்கக் கேட்டவள் அவள். அதில் கதவோடு சரி; இது அதன் கணினிப் பிரதி.

பழைய சிறை ஒன்றின் விசாரணை அறையில் பதிவானவை இந்த ஒலிப்பதிவுகள். அதிகாரி ஒரே கேள்வியைத்தான் கேட்பார்: "கூட யார் இருந்தா? பேர் சொல்லு." பிறகு அடி விழும். அந்த அதிகாரி செத்து எலும்பும் மக்கியிருக்கும். அடிபட்டவர்களின் பிள்ளைகள் விடாப்பிடியாக வழக்காடி, பதிவுகளைக் கணினிக்கு மாற்றி என்றைக்கும் அழியாமல் வைக்க வேண்டும் என்று தீர்ப்பு வாங்கியிருந்தார்கள். எதில், எங்கே வைப்பது என்பதைக் காப்பாளர் முடிவு செய்தாள். ஒன்று அவள் அறையிலேயே, ஹார்டு டிஸ்கில். இன்னொன்று கீழ்த்தளக் குளிரறையில், காந்த நாடாவில். இந்தக் கட்டடமே எரிந்தாலும் ஒன்று பிழைக்க வேண்டுமே என்று, மூன்றாவது வெகுதூரத்தில், மலையைக் குடைந்து கட்டிய கிடங்கில். அங்கே பொறுப்பில் இருந்தவன் அவள் கூடப்பிறந்த தம்பி, அவள் மகளுக்குப் பிரியமான மாமன். அவனை நம்பித்தான் அந்த இடத்தைத் தேர்ந்தாள்.

கீழ்த்தளத்துக்கு இன்டர்காமில் பேசினாள். அங்கே இருந்த டெக்னீஷியனைத் தடித்த கண்ணாடிக்காக எல்லோரும் சோடாபுட்டி என்பார்கள். அவனும் சிரித்துக்கொண்டே திரும்புவான்.

"நாடா எழுதியாச்சாப்பா?"

"ஆச்சு மேடம். ஒப்பிட்டும் பாத்துட்டேன், ஒரு புள்ளி பிசகல. ஆமா, யாரையாவது கீழ அனுப்புனீங்களா? பூட்ஸ் சத்தம் கேக்குது."

"கதவு பூட்டித்தானே இருக்கு?"

"பூட்டித்தான் இருக்கு..."

அவன் நாற்காலி கிறீச்சிட்டுத் திரும்பியது. பிறகு அவன் பேசினான். அவளிடம் இல்லை.

"ஐயா, எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கய்யா."

ஈரத்துணியைக் கல்லில் அறைந்த மாதிரி ஒரு சத்தம். இன்னொன்று.

மாற்றுச்சாவியை எடுத்துக்கொண்டு அவள் ஓடினாள். படிக்கட்டில் இறங்க இறங்கக் குளிர் கணுக்காலிலிருந்து மேலே ஏறியது; ஃபினாயில் வாசனைக்கு அடியில், இந்தக் கட்டடத்தில் யாரும் பிடிக்காத மட்டச் சுருட்டின் புகையும் பழைய தோல் வாரின் நெடியும் கலந்து தொண்டையைக் கவ்வின. பூட்டு எளிதாகத் திறந்தது.

சோடாபுட்டி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். பத்து விரல்களும் பின்பக்கமாக மடங்கியிருந்தன. கீபோர்டின் மேல் பற்கள். உடைந்த கண்ணாடிச் சில்லுகள் கண்களுக்குள் இருந்தன.

அலைபேசியில் தம்பியைக் கூப்பிட்டாள்.

"அந்தப் பிரதிய ஏத்தாதடா!"

"காலையிலேயே ஏத்திட்டேனே. என்னக்கா, மூச்சு வாங்குது?"

"அழிச்சிடு. உடனே அழிச்சிடு."

"அது எப்படி அழியும்? ஒருதடவ எழுதினா யாராலயும் அழிக்க முடியாததா வேணும்னு நீதானே கேட்டு வாங்கின?"

"அப்போ வெளிய ஓடுடா. சொன்னாக் கேளு, ஓடு!"

"இரு, அக்கா. யாரோ உள்ள வந்திருக்காங்க."

இங்கே இருப்பதை உடைத்தால் அங்கேயும் நின்றுவிடும் என்று அவளுக்கு எப்படித் தோன்றியதோ. அலைபேசியை ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்தாள். தீயணைப்புப் பெட்டியிலிருந்து சுத்தியலை உருவினாள். இயந்திரத்திலிருந்து நாடாப் பேழையை வெளியே இழுத்துப் போட்டு, பலம் கொண்ட மட்டும் அடித்தாள்.

பிளாஸ்டிக் விரிந்தது.

"அக்கா! என் கை!"

சுத்தியலைப் போட நினைத்தாள். விரல்கள் பிரியவில்லை. கை தானாக உயர்ந்தது.

அடி.

அலைபேசியில் எலும்பு முறிந்தது. தம்பி சின்னப் பிள்ளை மாதிரி அலறினான்.

இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்தாள். நகத்தால் பிறாண்டினாள். பல்லால் கடித்தாள். ரத்தம் முழங்கை வரை வழிந்தது. கை உயர்ந்தது.

அடி.

"வேண்டாங்கய்யா... சொல்லிடுறேன்..."

அவள் வாய் திறந்தது. அழத்தான் திறந்தாள். வந்தது வேறு குரல். நிதானமாக. கரகரவென்று.

"கூட யார் இருந்தா? பேர் சொல்லு."

மறுமுனையில் விசும்பல். ரத்தத்தை விழுங்கும் சத்தம். பிறகு, மிக மெதுவாக, தம்பி ஒரு பேரைச் சொன்னான்.

அவள் மகளுடைய பேர்.

கை சுத்தியலைக் கீழே வைத்தது. அவள் உடையின் பையிலிருந்து காரின் சாவியை எடுத்தது. அவள் கால்கள், எந்த அவசரமும் இல்லாமல், வீட்டுக்குப் புறப்பட்டன.