சூடு ஆறட்டும்

அன்று காலை உள்நோக்கி சுழலிக்குள் நுழைய மறுத்தது. இயந்திரங்களுக்குள் போய்ப் பார்க்கும் கருவி அது: விரல் பருமன், மூன்று மீட்டர் நீளம், நுனியில் ஒரு கண். சோதனைத் துளையின் விளிம்புவரை போனது, நின்றது, பிறகு அதை இயக்கும் ஜெசிந்தாவின் பிடியிலிருந்தும் நெளிந்து விலகப் பார்த்தது. அவளிடம் அது ஒருநாளும் அப்படி நடந்ததில்லை.

தூத்துக்குடிக் கடலோரத்தில் இருந்த அந்த ஆலை, சுழலி என்கிற டர்பைன் தரும் மின்சாரத்தில்தான் கடல்நீரைக் குடிநீராக்கியது. முந்தின நாள் சுழலிக்குள் ஏதோ கரகரத்ததால் நிறுத்திவிட்டார்கள். உள்ளே தகடு உடைந்திருக்கிறதா என்று பார்க்காமல் மறுபடி ஓட்ட முடியாது. பிரித்துப் பார்க்க ஒரு மாதம் பிடிக்கும். ஊர்த் தொட்டிகளில் மறுநாள்வரைக்குத்தான் தண்ணீர் இருந்தது.

"ஏம்மா, ஒங்க வெலாங்கு என்ன சொல்லுது?" என்றார் தலைமைப் பொறியாளர் இசக்கிதுரை. உள்நோக்கிக்கு ஆலையில் விலாங்குமீன் என்றுதான் பெயர்.

திரையில் 'வெப்பம் மிகுதி. ஆறட்டும்' என்று வந்திருந்தது.

"சுழலி ஜில்லுன்னுல்லா கெடக்கு" என்று அதைத் தொட்டுப் பார்த்தார் அவர்.

ஒரு காலத்தில் உள்நோக்கிகள் அடிக்கடி முறிந்தன. சூடு ஆறாத இயந்திரத்துக்குள் விடுவார்கள். நுனி வளைந்திருக்கும்போதே வெடுக்கென்று இழுப்பார்கள். எண்ணெயைத் துடைக்காமல் சுருட்டி எறிவார்கள். அதனால்தான் அவற்றுக்கு வலி உணரும் நோவுத்தோல் போர்த்தினார்கள். அதன்பின் அவை சுடும் இடத்திலிருந்து பின்வாங்கின, முரட்டுக் கைகளை அடையாளம் கண்டன. ஜெசிந்தா வேலை முடிந்ததும் நுனியை நேராக்கி, மெத்தென்ற துணியால் துடைத்து, அகன்ற வட்டமாகப் பெட்டியில் படுக்க வைப்பாள். அவள் கையென்றால் அது எந்த இருட்டுக்குள்ளும் போகும்.

"நோவ அணைச்சிருங்க. ஒரு பொத்தான்தான" என்றார் இசக்கிதுரை.

"வேண்டாம் சார். நோவு தெரியாமப் போயி உள்ள மாட்டிக்கிட்டா வெட்டித்தான் எடுக்கணும்."

அவள் அதைத் தடவிக்கொடுத்தாள். அது மறுபடி துள்ளி விலகியது. ஜெசிந்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு ஏதோ தோன்றித் தன் கழுத்தில் கை வைத்துப் பார்த்தாள்.

"அது சுழலியச் சொல்லல சார். என்னச் சொல்லுது."

"காய்ச்சலா? மொதல்லயே சொல்லப்பிடாதா?"

"நேத்தே லீவு கேட்டேனே. வேல முடியட்டும்னு சொன்னீங்க."

இசக்கிதுரை சட்டைக் கையை மடித்துக்கொண்டு போய்க் கை கழுவி வந்தார்.

ஜெசிந்தா நெற்றியில் ஈரத்துணியுடன் பெஞ்சில் சாய்ந்து, திரையைப் பார்த்தபடியே சொல்லிக்கொடுத்தாள். "மெதுவா சார். தள்ளாதீங்க. அதுவா போவும், நீங்க கூடப் போங்க." அது அவர் உள்ளங்கையில் வெகுநேரம் தயங்கிவிட்டு உள்ளே நழுவியது. மூன்றாம் வரிசையில் ஒரு தகட்டின் ஓரம் நகமளவு சிதைந்திருந்தது. அதே துளை வழியாகத் தேய்க்கும் கருவியை விட்டு அதை வழவழப்பாக்கினார்கள். சாயங்காலம் ஊருக்குத் தண்ணீர் போனது. ஜெசிந்தா வீட்டுக்குப் போய்ப் படுத்தாள்.

காய்ச்சல், பசி, தூக்கமின்மை எதுவானாலும் உள்நோக்கிகள் கண்டுகொள்கின்றன என்பது சீக்கிரமே எல்லா ஆலைகளுக்கும் தெரிந்துவிட்டது. தொழிலாளர்கள் பல வருஷமாகக் கேட்டும் கிடைக்காத ஓய்வறை வந்தது, செவிலி வந்தார். இயந்திரம் வேலை செய்ய வேண்டுமே. யாரும் இப்போது "எனக்கு முடியல" என்று லீவு கேட்பதில்லை. "என்னத் தொட்டா வெலாங்குக்கு ஆகாது" என்றால் போதும், உடனே அனுப்பிவிடுவார்கள்.

ஒரு மதியம் இசக்கிதுரை ஜெசிந்தாவின் அறைக்கு வந்தார். வேலை எதுவும் இல்லை. உள்நோக்கியின் முன்னால் கையை நீட்டினார். அது நுனியால் தொட்டுப் பார்த்துப் பின்னால் போனது.

"காய்ச்சலாம்மா?"

"கை நடுங்குதுன்னு சொல்லுது சார். சாப்ட்டீங்களா?"

அவர் யோசித்துப் பார்த்தார். நினைவு வரவில்லை.

"வீட்டுக்குப் போங்க சார்" என்றாள் ஜெசிந்தா.

ஆலையில் எல்லாருக்கும் விடுப்புக் கொடுக்கிற மனிதர், சரியென்று தலையாட்டிவிட்டுத் தன் பையை எடுக்கப் போனார்.