மழையில்லாத ஊரில் வாங்கிய குடை

வன்னியில், வட்டக்கச்சியில் அந்தக் கார்த்திகை மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்தது. முற்றமெல்லாம் சேறு, அடுப்பிலே ஈரவிறகு, குசினிக்குள் கண் திறக்க முடியாத புகை. அந்தப் புகைக்குள் குந்தியிருந்து அமராவதி இடியப்பம் பிழிந்துகொண்டிருக்க, விறாந்தையில் அவளுடைய புருஷன் வீட்டார் எந்தப் பாலைவனத்துப் பட்டணத்துக்கு உல்லாசமாய்ப் போகலாம் என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

புருஷன் கனகலிங்கத்தின் தம்பி பாலன் மூட்டிவிட்ட சண்டை அது. குவைத்தில் ஒரு கொம்பனியில் ஸ்டோர் பார்ப்பவன் லீவில் வந்திருந்தான். திரும்பிப் போகும்போது குடும்பத்தையே கூட்டிக்கொண்டு போய்ப் பத்து நாள் சுற்றிக் காட்டப் போகிறானாம்.

"மார்கழியில அங்க குளிர் அம்மா. வெயில் சுடாது. துபாயோ, குவைத்தோ, ஒண்டைச் சொல்லுங்கோ!"

"துபாய்தான்!" என்றாள் அவனுடைய புது மனைவி விமலேஸ்வரி. "நகைக்கடையளுக்கெண்டே ஒரு தெரு இருக்காம்!"

"ஓம், துபாய் எண்டாத்தான் சனத்துக்கும் விளங்கும்" என்றாள் மாமியார் இராசேஸ்வரி. குடும்பமாய்க் குவைத்துக்குப் போகக் கூடாது என்பதற்கு அவளிடம் வேறு காரணமும் இருந்தது.

இடியப்பத் தட்டோடு வந்த அமராவதி வாசலில் நின்றாள். நின்றவள், என்ன துணிவு வந்ததோ, வாயைத் திறந்துவிட்டாள்.

"மாமி... குவைத்துக்குப் போவமே...?"

கலியாணமாகிப் பதின்மூன்று வருஷத்தில் அவள் தனக்கென்று ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை!

"உன்னை ஆரடி கேட்டது?" என்று மாமியார் சீறினாள்.

பாலன் அண்ணியைப் பார்த்தான். அவன் மனதில் ஏதோ கணக்கு ஓடியது. பிறகு சிரித்தான். "விடுங்கோ அம்மா. அண்ணி ஒரு நாளும் ஒண்டும் கேக்காதவா. குவைத்துக்கே போவம்!"

அமராவதி குசினிக்குள் ஓடிவந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். புகைக்கு வந்த கண்ணீர் எது, சந்தோஷத்துக்கு வந்தது எது என்று அவளுக்கே தெரியவில்லை.

அவள் மலைநாட்டுப் பெண். தாயைத் தேயிலைத் தோட்டத்தில் விட்டுவிட்டு, அண்ணன் வீரையாவோடு கூலி வேலைக்கு வன்னிக்கு இறங்கி வந்தவள். கனகலிங்கம் ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேற்றத் திட்டத்தில் காணி பெற்ற இராசேஸ்வரி அவளை வீட்டுக்குள் விட்டாள், மனதுக்குள் விடவில்லை. விளைச்சல் பொய்த்துப் பாலனின் படிப்பு நடுவழியில் நின்றபோது, குவைத்தில் வீட்டு வேலைக்குப் போனவள் அந்த மருமகள்தான்.

"எங்கட மருமகள் அரபிக்காரன் வீட்டில சட்டி கழுவிறாள் எண்டு தெரிஞ்சா பாலனுக்கு ஆர் பொம்பிளை குடுப்பினம்? மலைநாட்டில தாய்க்குச் சுகமில்லை, பாக்கப் போயிட்டாள் எண்டு சொல்லுவன். நீயும் அப்பிடியே சொல்லோணும்!" என்று மாமியார் கட்டளை போட்டாள்.

ஊருக்குச் சொன்ன பொய்யை ஏழு வயதுப் பிள்ளை சிவலட்சுமிக்கும் சொன்னார்கள். பிள்ளை நம்பிவிட்டது. நாலு வருஷம் கழித்துத் தாய் வந்தபோது, "உங்களுக்கு என்னைவிட அம்மம்மாதானே பெரிசு" என்று அப்பம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. பெற்ற வயிறு அன்று எரிந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. பாலன்ர கலியாணம் முடியட்டும், சொல்லலாம் என்றார்கள். கலியாணம் முடிந்து மூன்றாம் மாதம். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அதனால்தான் அவள் குவைத்தைக் கேட்டாள். அந்தப் பட்டணத்தை அவளும் பார்த்ததில்லை. உடுப்புக் காயப்போடும் மொட்டைமாடியில் நின்று, தூரத்தில் ஒரு துண்டுக் கடலையும் நீல உருண்டை வைத்த கோபுரங்களையும் பார்த்ததோடு சரி. அந்தக் கோபுரத்தடியில் மகளோடு நிற்கவேண்டும். அந்த மாடியைக் கையால் காட்டி, 'பிள்ளை, அம்மா உன்னை விட்டிட்டுப் போகேல்லை, இஞ்சதான் இருந்தனான்' என்று சொல்லவேண்டும். வேறொன்றும் அவளுக்கு வேண்டாம்.

சிவலட்சுமியோ தாயின் முகம் பார்க்காமல், சிவப்புக் குடையை விரித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய்வந்தாள். பொத்தானை அமத்தினால் படாரென்று விரியும் குடை அது. சித்தப்பா கொழும்பில் வாங்கித் தந்தது என்று ஊரெல்லாம் பெருமை பேசுவாள். அமராவதி கேட்டுக்கொண்டு சும்மா இருப்பாள்.

ஒரு காலை அவள் கிணற்றடியில் தண்ணீர் அள்ளிக்கொண்டிருக்கையில் பாலன் வந்தான்.

"அண்ணி, ஒரு சின்னக் கதை" என்று வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவதுபோலத் தொடங்கினான். "நான் இருக்கிறது கொம்பனிக் காம்பில, அங்க உங்களைக் கூட்டிக்கொண்டு போகேலாது. ஹோட்டல்ல நிண்டா காசு தண்ணியாப் போகும். நீங்க வேலை செய்த வீட்டு மேடத்தின்ர வீட்டில பின்பக்க அறையள் சும்மாதானே கிடக்கு? கேட்டனான், தாறனெண்டவா."

"என்னத்துக்கு அவா சும்மா தருவா?"

"அவாவின்ர மகளுக்குக் கலியாணமாம். நீங்க முந்தியைப்போலக் குசினியைப் பாத்தாக் காணுமாம். அந்தச் சாம்பல் நிற வேலைச் சட்டையையும் கொண்டரச் சொன்னவா."

அமராவதியின் கை கயிற்றிலேயே நின்றது. "அப்ப... ஊர் பாக்கிறது?"

"நீங்க நாலு வருசம் இருந்த ஊர்தானே அண்ணி, உங்களுக்கு என்ன புதுசு?"

"சிவலட்சுமி...?"

"அவளை நாங்க கூட்டிக்கொண்டு திரிவம். அம்மாவுக்குச் சுகமில்லை, அறையில படுத்திருக்கிறா எண்டு சொல்லுவம். அவள் நம்புவாள்."

அவள் நம்புவாள்! அந்த ஒரு சொல்லில் அமராவதியின் கை வழுவி, வாளி கிணற்றுக்குள் விழுந்தது.

தாங்க முடியாமல் புருஷனிடம் போனாள். கனகலிங்கம் மாட்டுக் கொட்டிலில் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தான்.

"இஞ்சாருங்கோ... உங்களுக்கு இது தெரியுமே?"

அவன் நிமிரவில்லை. தெரியும் என்பதற்கு அதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

"பத்து நாள்தானே அமராவதி..."

"நாலு வருசந்தானே எண்டும் நீங்கள்தான் சொன்னனீங்கள்!" என்றாள். கறிவேப்பிலையாய் எடுத்து எறிகிறவர்களில் கட்டினவனும் ஒருத்தன் என்று கண்ட அந்த நிமிஷத்தில், அவளுக்கு அழுகைகூட வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விமலேஸ்வரியின் தகப்பன் அப்புத்துரை பயணத்துக்கு வாழ்த்துச் சொல்ல யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்தார். வாழையிலை போட்டுப் பெரிய சாப்பாடு. அமராவதி பரிமாறிக்கொண்டு நின்றாள். வெளியே மழை. சிவலட்சுமி கோயிலுக்குப் போய்விட்டு, குடையைச் சுருக்கிக்கொண்டு வாசலில் ஏறினாள்.

"எல்லாரும் துபாய் துபாய் எண்டு சொல்லுதுகள், நீர் ஏன் குவைத்துக்குப் போறீர் மருமகன்?" என்று அப்புத்துரை கேட்டார்.

"அங்க எங்களுக்குப் பழக்கமான பெரிய ஆக்கள் மாமா. தங்கட வீட்டிலயே அறை தருகினம்!"

"எப்பிடிப் பழக்கம் எண்டதையும் சொல்லுமன் தம்பி" என்றாள் அமராவதி.

எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். சோற்றுச் சட்டியை அவள் மெல்லக் கீழே வைத்தாள்.

"நான் சொல்லுறன் ஐயா. அந்த வீட்டில நாலு வருசம் சட்டி கழுவினவள் நான். அந்தக் காசிலதான் இவர் படிச்சவர். அந்த வீட்டுக்காரரைக் கெஞ்சி இவருக்கு வேலை எடுத்துக் குடுத்ததும் நான்தான். இப்பவும் நான் குசினிக்க நிண்டாத்தான் இவையளுக்கு அறையாம்!"

"அண்ணிக்கு விசர்!" பாலன் எச்சில் கையோடு எழும்பினான். "மாமா, நம்பாதேங்கோ!"

"பொய்!" வாசலிலிருந்து சிவலட்சுமி கத்தினாள். "அம்மா அம்மம்மாவோட இருந்தவா! என்னை விட்டிட்டு அங்க இருந்தவா!"

"உன்ர கையில கிடக்கிற குடை ஆர் வாங்கினது பிள்ளை...?" அமராவதி குடையைக் காட்டினாள். "மாரியில நனைஞ்சு நனைஞ்சு பள்ளிக்கூடம் போறாய் எண்டு அப்பா எழுதினவர். அதைப் பாத்திட்டு நான் வாங்கி அனுப்பினது..."

பிள்ளை குடையைப் பார்த்தது, தாயைப் பார்த்தது, சித்தப்பாவைப் பார்த்தது. பிறகு நேரே இராசேஸ்வரியிடம் போய், அவளுடைய கையைப் பிடித்துத் தன் உச்சந்தலையில் வைத்துக்கொண்டது.

"என்ர தலையில கை வைச்சுச் சொல்லுங்கோ அப்பம்மா. அம்மா எங்க இருந்தவா?"

எதிரே சம்பந்தி, பக்கத்தில் மகன், கைக்குக் கீழே பேத்தியின் தலை! ஊரை ஏமாற்றிய அந்த வாய்க்கு, பிள்ளையின் தலையில் கை வைத்துப் பொய் சொல்ல வரவில்லை.

"ஓம் பிள்ளை... அவள் அங்கதான் இருந்தவள். குடையும் அவள்தான் அனுப்பினவள். நான்தான்... நான்தான் அவளின்ர வாயைக் கட்டிப்போட்டனான்!" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

அப்புத்துரை பாதிச் சாப்பாட்டில் கை கழுவினார். "வீட்டு வேலைக்காசில வந்த மாப்பிள்ளை எண்டு முந்தித் தெரிஞ்சிருந்தா..." என்று மகளைப் பார்த்துச் சொல்லிவிட்டு, மழையென்றும் பாராமல் இறங்கிப் போனார்.

"திருப்திதானே அண்ணி? என்ர மானத்தை வாங்கிப்போட்டீங்கள்!"

"உம்மட மானத்துக்காக என்ர பிள்ளையை நாலு வருசம் குடுத்து வைச்சிருந்தனான் தம்பி. இண்டைக்குத் திருப்பி எடுத்திட்டன், அவ்வளவுதான்."

மார்கழியில் பயணத்துக்கு வான் வந்து வாசல் படலையில் நின்றது. கடைசியில் துபாய்தான், அங்கேயாவது கூட்டிப் போகாவிட்டால் தகப்பன் வீட்டுக்கே போய்விடுவேன் என்று விமலேஸ்வரி நின்ற நிலையில், பாலன் கடன்பட்டு ஏற்பாடு செய்திருந்தான். இராசேஸ்வரி வரமாட்டேன் என்று குசினிக்குள் போய் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். மன்னிக்கச் சொல்லி அவளும் கேட்கவில்லை, மன்னித்தேன் என்று மருமகளும் சொல்லவில்லை.

கனகலிங்கம் பெட்டியும் கையுமாய் வானடியில் நின்று மனைவியைப் பார்த்தான். நில்லுங்கோ என்று அவள் ஒரு சொல் சொன்னால் நின்றுவிடுவான் போலிருந்தது.

"ஏறுங்கோ" என்றாள் அமராவதி. "பத்து நாள்தானே."

அவன் தலையைக் குனிந்துகொண்டு ஏறினான். வான் சேற்றை அடித்துக்கொண்டு போனது. மழை மறுபடி பிடித்தது. அவள் நனைந்தபடி படலையடியிலேயே நின்றாள். பின்னால் படாரென்று ஒரு சத்தம் கேட்டது. தலைக்கு மேல் சிவப்பாய் விரிந்தது குடை.

சிவலட்சுமி எட்டிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

"அம்மா... அங்க மழை பெய்யுமோ?"

"பெய்யிறேல்லை எண்டுதான் சொல்லோணும் பிள்ளை."

"பிறகு... மழையில்லாத ஊரில எங்கயம்மா குடை தேடினனீங்கள்?"

இத்தனை நாளும் அடக்கி வைத்த அழுகையெல்லாம் அந்த ஒரு கேள்வியில் உடைந்து வர, அமராவதி மகளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். குடை சரிந்து விழுந்தது. இருவரும் நனைந்துகொண்டு நின்றார்கள்.