யாப்பகுவப் படியில் கேட்ட பெயர்

"பொட்டை அழியுங்கோ!"

காதோரம் விழுந்த குரலில் ஜெகதீஸ்வரி திடுக்கிட்டுத் திரும்பினாள். யாப்பகுவ மலைக்கோட்டையின் செங்குத்துப் படியில், தூறலில் நனைந்தபடி ஒருவன். பெரிய கண்கள்... அவற்றிலும் பயம்தான்.

"நீங்க ஆர் எனக்குச் சொல்ல?"

"கொட்டாஞ்சேனை ஆள். தமிழன்தான். கீழ கைட் சொன்னது கேக்கேல்லையா?"

கேட்டது. வெள்ளவத்தையிலிருந்து, கந்தோரில் கூட வேலை செய்பவர்களோடு பஸ்ஸில் வந்தவளுக்கு அவ்வளவு சிங்களம் புரியும். எழுநூறு வருசத்துக்கு முன் இங்கே ஒரு அரசன் இருந்தானாம். புத்தரின் புனிதப் பல் இருந்ததாம். கடல் தாண்டி வந்த பாண்டியனின் தமிழ்ப்படை அந்தப் பல்லையே கொண்டுபோனதாம்... சுற்றி நின்ற அத்தனை பேரும் அவள் நெற்றியைத்தான் பார்த்தார்கள்.

"பாண்டியன் செய்ததுக்கு நான் ஏன் பொட்டை அழிக்க?" வீம்பு வாயில் மட்டும்தான்.

"நல்ல கதை! அந்தா வாற ஆமிக்காரனிட்டச் சொல்லுங்கோ..."

ஆமிக்காரன் அவள் அடையாள அட்டையைப் புரட்டினான். பிறந்த இடம், யாழ்ப்பாணம். கந்தோர்க்காரர் எல்லாம் மேலே ஏறிவிட்டார்கள்.

"தனிய நிண்டு என்ன பார்க்கிறாய்? ஆமிக் காம்புக்கு நட."

பக்கத்து லேனில் இப்படிக் கூட்டிப்போன பிள்ளை இன்னும் வீடு திரும்பவில்லை...

"என்னோட வந்தவ, மாத்தயா." கொட்டாஞ்சேனைக்காரனுக்குச் சிங்களம் தண்ணிபட்ட பாடு. "நாங்க கலியாணம் முடிக்கப் போறம்." தன் அட்டையையும் நீட்டினான்.

ஆமிக்காரன் அதை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு அவளைப் பார்த்தான்.

"அப்ப சொல்லு. இவன்ட பேர் என்ன?"

மழை காதுக்குள் இரைந்தது. படியோரத்துக் கற்சிங்கமும் முழித்துப் பார்த்தது. அவள் தலையைக் குனிந்தாள். தெரிந்த சிங்களத்தையெல்லாம் பொறுக்கிச் சேர்த்தாள்.

"எங்கட ஆக்கள்... கட்டப்போறவரின்ட பேரைச் சொல்லமாட்டம்."

ஆமிக்காரன் வாய்விட்டுச் சிரித்தான்.

"எங்கட அம்மாவும் அப்பிடித்தான். அப்பாவுக்கு 'இஞ்ச பாருங்கோ'தான் பேர்!"

அட்டைகளைக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனான்.

"ஆரைக் கேட்டு அப்பிடிச் சொன்னனீங்க?" அவள் கண் நிறைந்துவிட்டது.

"வேற ஒண்டும் வாயில வரேல்லை... அடியில இருந்து உங்களையே பார்த்துக்கொண்டு ஏறினனான். மனசில கிடந்தது வந்திட்டுது." அவன் குரல் தணிந்தது. "நான் வேதக்காரன், சேர்ச்சுக்குப் போறவன். உங்கட வீட்டில விடமாட்டினம். மறந்துபோடுங்கோ."

திரும்பி இறங்கினான்.

அப்பாவின் முகம் அவள் முன்னால் வந்து நின்றது. ஆமிக்காரனிடம் பயந்ததைவிடப் பெரிய பயம்... ஆனாலும்...

"நில்லுங்கோ! பேரைச் சொல்லிப்போட்டுப் போங்கோ."

"இனி எதுக்கு?"

"தெரிஞ்சால்தானே..." அவள் கண்கள் படியில் தாழ்ந்தன. "காலம் முழுக்க அதைச் சொல்லாமல் இருக்கலாம்."