முப்பத்திரண்டு போல்ட்டும் ஒரு பூஜ்யமும்

சகலருக்கும் தெரிவிப்பது யாதெனில்: அணு உலையில் எரிந்து தீர்ந்த எரிபொருளை ஊர்விட்டு ஊர் அனுப்பும் மகத்தான பணியில், ஆண்டு முழுவதும் உடம்பில் துளிக் கதிர்வீச்சும் படாமல் உழைத்த பாதுகாப்பு அதிகாரிக்கு இன்று மாலை தங்கப் பதக்கம். அனைவரும் வந்திருந்து கைதட்டுக.

இப்படி அச்சடித்த அழைப்பிதழைத்தான் லாரி டிரைவரின் மனைவி துப்பறிவாளரின் மேசைமேல் விட்டெறிந்தாள். புது நோட்டைப் பிரித்துவைத்துப் பக்கத்தில் காத்திருந்த அவருடைய மைத்துனர் திடுக்கிட்டார்.

"இவருக்குப் பதக்கம், எங்க வீட்டுக்காரருக்குச் சஸ்பெண்டா ஐயா? எரிபொருள் வச்ச பீப்பாய் மூடியில முப்பத்திரண்டு போல்ட்டு. இறக்குற இடத்துல பாத்தா அடுத்தடுத்து நாலு, விரலாலயே கழலுது. பள்ளத்துல விட்டு ஓட்டினாருன்னு எங்க வீட்டுக்காரர் தலையில கட்டிட்டாங்க. நாளைக்குக் கேஸ் போடுவாங்களாம்."

"நாசவேலை, அத்தான்! ஏதோ சதி!" என்று துள்ளினார் மைத்துனர்.

"நீ முதல்ல முழங்கையை எடு. காகிதம் மறையுது."

அவள் கொண்டுவந்த நகல்கள் இரண்டு. ஒன்று, பீப்பாயின் அருகே இரண்டு மணி நேரம் நின்று ஒவ்வொரு போல்ட்டையும் தானே சோதித்ததாக அதிகாரி கையெழுத்திட்ட தாள். மற்றொன்று, அந்த மாதம் ஒவ்வொருவர் சட்டையிலும் குத்தியிருந்த பேட்ஜ் காட்டிய கதிர்வீச்சு அளவு. மைத்துனர் இரண்டையும் மூன்று முறை படித்தார். ஒன்றும் பிடிபடவில்லை. துப்பறிவாளரோ செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மேடையில் மாலையும் கழுத்துமாக நின்ற அதிகாரியிடம் அவர் பணிவாகக் கேட்டார்: "அந்தப் பீப்பாயை நீங்களே சோதிச்சீங்களா?"

"ஒவ்வொரு போல்ட்டையும்! தொட்டுப் பார்த்து!"

"பேட்ஜ் போட்டிருந்தீங்களா?"

"அது இல்லாம ஓரடி எடுத்துவைக்க மாட்டேன்!"

"பத்தடி தள்ளி கிரேன்ல இருந்தவர் பேட்ஜ்ல பதிவு இருக்கு. முன்னால கேபின்ல உக்காந்த டிரைவர் பேட்ஜ்லயும் இருக்கு. அனுமதிச்ச அளவுக்குள்ளதான், ஆனா இருக்கு. பீப்பாயைக் கட்டிக்கிட்டு ரெண்டு மணி நேரம் நின்ன உங்களுக்கு மட்டும் பூஜ்யம். தெருவுல போனவனுக்கு அனல் அடிக்குது, அடுப்புமேல நின்னவருக்கு வேர்க்கவே இல்லையா?"

கைதட்டல் நின்றது. மைத்துனரின் பேனா காகிதத்தைக் கிழித்தது.

"குலுங்கித் தளர்ந்தா அங்கொண்ணு இங்கொண்ணாத் தளரும். இது வரிசையா நாலு. ஷிப்ட் மாறுற அவசரத்துல முடுக்காம விட்டது. அதைக் கண்டுபிடிக்கத்தான் உங்களுக்குச் சம்பளம்."

"எல்லாரும் ஆபீஸ்லயே உக்காந்துதானே கையெழுத்துப் போடறோம்..." என்று வாய் தவறிவிட்டது அதிகாரிக்கு.

துப்பறிவாளரின் குரல் முதல் முறையாக உயர்ந்தது. "அந்த வழியில ரெண்டு பள்ளிக்கூடம் இருக்கு, ஓர் ஆஸ்பத்திரி இருக்கு. உங்க கையெழுத்தை நம்பி அந்த மனுஷன் எமனை முதுகுக்குப் பின்னாடி ஏத்திக்கிட்டுப் போயிருக்கார். பழியையும் அவர் முதுகுலயே ஏத்தினீங்களே, வெக்கமா இல்லை?"

முன்வரிசையில் டிரைவரின் மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் டிரைவருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. பதக்கத்தை மட்டும் அதிகாரியிடமிருந்து திரும்பப் பெறவில்லை. விதிப்படி அவருடைய பூஜ்யம் உண்மையான பூஜ்யம்தான்.