பெயர் சொல்லிக் கூப்பிடும் பெட்டி

மருத்துவமனையிலிருந்து வெய் லான்யிங் கீலுங் துறைமுக ஊரில் உள்ள பழைய வீட்டுக்குத் திரும்பியபோது, பேய்கள் வெளிவரும் ஏழாம் மாதம் பிறந்திருந்தது. தெருவெங்கும் பேய்களுக்குப் படையல். படையலாக எரித்த காகிதங்களின், மழையில் நனைந்த சாம்பல் வாசனை அடுப்படி வரை வந்தது. மருத்துவமனை கொடுத்த பேசும் பெட்டியைக் கணவன் ஜின்ஷுன் அங்கேயே அலமாரியில் வைத்தான்.

"இனிமே உன் சர்க்கரையை நீயேதான் பார்த்துக்கணும், மீன்காரி. பெட்டி கூப்பிட்டா பதில் சொல்லு, உன் குரலை வெச்சுத்தான் அது உன்னைத் தெரிஞ்சுக்கும். ஊசி எவ்வளவுன்னு நர்ஸ் அங்கேருந்தே சொல்லிடும்."

மீன் உருண்டைக் கடைக்காரி என்பதால் அந்த மாதம் முழுக்க அவள் மீன்காரி. ஏழாம் மாதத்தில் பொழுது சாய்ந்தபின் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள். கேட்டுக்கொண்டிருக்கும் ஏதோ ஒன்று அந்தப் பெயரை எடுத்துக்கொண்டுவிடும்.

பாழாய்ப்போன பெட்டிக்கு இதெல்லாம் யார் சொல்வது? விளக்கு வைத்ததும் கணீரென்று கூப்பிட்டது.

"வெய் லான்யிங், இருக்கீங்களா?"

"ஐயோ, ஊருக்கே கேட்கும்படி கத்துதே!" என்று அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாடிப்படியிலிருந்து பதில் வந்தது.

"இருக்கேன்."

அவள் குரல்தான்.

"நன்றி. உங்கள் சர்க்கரை நூற்றுப் பத்து. நன்றாக இருக்கிறீர்கள்."

அவள் இன்னும் விரலைக் குத்தவே இல்லை. குத்திப் பார்த்தபோது முந்நூறைத் தாண்டியிருந்தது. அந்த அளவைச் சொல்லியும் பெட்டி அதை வாங்கிக்கொள்ளவில்லை. ஜின்ஷுன் டார்ச்சோடு மாடி முழுக்கத் தேடினான். நனைந்த சாம்பல் வாசனை மட்டும் இருந்தது.

மறுநாளும் அப்படியே நடந்தது. அதற்கடுத்த நாள் நர்ஸ் போனில் கொஞ்சினாள்.

"அக்கா, அளவெல்லாம் அருமையா இருக்கு! ஊசியை நிறுத்திட்டோம்."

"அது நான் இல்லம்மா! நான் இங்க செத்துட்டிருக்கேன்!"

நர்ஸ் கேட்டாள்: "நீங்க யாரு? குரல் அவங்களுதுன்னு காட்டலையே. அக்காகிட்ட போனைக் குடுங்க."

லான்யிங் வாய்விட்டு அழுதாள். தன் உடம்பைப் பற்றித் தானே சொன்னால்கூட நம்புவதற்கு ஆளில்லை. கையிருப்பு மருந்தும் தீர்ந்திருந்தது. சீட்டு இல்லாமல் கடைக்காரர் தர மறுத்துவிட்டார்.

மறுநாள் மாலை சூறாவளி. அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது, கண் மங்கியது.

"ஆஸ்பத்திரிக்கே தூக்கிட்டுப் போயிடறேன். இங்கேயே இரு, டாக்ஸி பிடிச்சிட்டு வர்றேன்," என்று ஜின்ஷுன் ஓடினான்.

தண்ணீர் குடிக்க எழுந்தவள் அடுப்படித் தரையில் விழுந்தாள்.

மின்சாரம் போனது.

வாசலில் டாக்ஸி வந்து நின்றது. அடுப்படி வாசல் திரைச்சீலைக்கு அடியில் கணவனின் நனைந்த செருப்புகள் தெரிந்தன. இருட்டில் அவனுக்கு அவளைத் தெரியவில்லை. பயத்தில் அவன் எல்லாவற்றையும் மறந்து கத்தினான்.

"லான்யிங்! வெய் லான்யிங்! எங்க இருக்கே?"

வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

"இதோ வந்துட்டேன்," என்றது மாடிப்படி.

மெல்ல இறங்கும் காலடிகள். "பார்த்து, வழுக்கும், என் தோளைப் பிடிச்சுக்கோ," என்றான் ஜின்ஷுன், அவளிடம் என்றும் பேசும் அதே கனிவோடு. வாசற்கதவு சாத்தப்பட்டது. டாக்ஸி கிளம்பிப் போனது.

அலமாரியில் பெட்டியின் சின்ன விளக்கு தானாக எரிந்தது.

"வெய் லான்யிங், இருக்கீங்களா?"

மிச்சமிருந்த உயிரையெல்லாம் திரட்டி அவள் சொன்னாள்.

"இருக்கேன்."

"மன்னிக்கவும். இந்தக் குரல் எங்கள் பதிவில் இல்லை."