விக்கிய இயந்திரக் கை

பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது டாலர். ஸ்ப்ரூஸ் ஃபோர்க் ஊர்க் கூட்டுறவு இணைய நிறுவனம் ஆஸ்பத்திரிக்குக் கட்ட வேண்டிய தண்டம் அது. மேலாளர் ரோலண்ட் கிவி அந்த பில்லை மேசையில் விரித்து, பறந்துவிடப் போகிறது என்பதுபோல் அதன்மேல் காபிக் கோப்பையைத் தூக்கி வைத்தார்.

"பணம் போனாப் போகுது, வெர்னா. வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாகலேன்னா ஒப்பந்தமே வேண்டாம்னுட்டாங்க. அப்புறம் வயித்துப் பிள்ளைக்காரிங்க ஸ்கேன் எடுக்க இந்தப் பனியில டுலூத் நகரம் வரைக்கும் வண்டி ஓட்டணும்."

வெர்னா ஸ்டோக்கே கையுறைகளை நிதானமாகக் கழற்றினார். இணைய வழிகளில் வரும் கோளாறுகளைத் துப்பறிவதுதான் அவருடைய தொழில். பக்கத்தில் டெல்மர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான். கண்ணாடி இழைக் கேபிள்களை ஒட்டுகிறவன். வெர்னா இந்தப் பக்கம் வந்தால் வேலையைப் போட்டுவிட்டு அவர் பின்னால் கிளம்பிவிடுவான்.

சிக்கல் இதுதான். டுலூத்தில் ஒரு பெண் மருத்துவர் பிடியை அசைத்தால், இங்கே ஆஸ்பத்திரியில் ஓர் இயந்திரக் கை கர்ப்பிணியின் வயிற்றின்மேல் ஸ்கேன் கருவியை நகர்த்தும். நடுவே இருப்பது ஒரு கண்ணாடி இழை. காலையில் கை சொன்னபடி கேட்கிறது. பள்ளிக்கூடம் விட்ட பிறகு விக்குகிறது. மருத்துவர் அசைத்துவிட்டுக் காத்திருக்க, அது யோசித்து யோசித்து ஒரு துள்ளு துள்ளுகிறது.

ரோலண்டின் பார்வை டெல்மர் பக்கம் திரும்பியது. "ஏரியோரம் கேபிளை ஒட்டினது நீதானே?"

டெல்மருக்குச் சுருக்கென்றது. "என் ஒட்டுமேல கை வைக்காதீங்க ரோலண்ட். என் கல்யாணம்கூட அவ்வளவு நல்லா ஒட்டல."

"ஒட்டு கெட்டிருந்தா காலையிலயும் தகராறு பண்ணும்," என்றார் வெர்னா. "பள்ளிக்கூடம் விடுற நேரம் கண்ணாடிக்குத் தெரியாது."

"அப்ப பசங்கதான்! வீட்டுக்கு வந்ததும் விளையாட்டு, சினிமா. வழி ரொம்பிடுது!" என்றான் டெல்மர்.

"நானும் அப்படித்தான் நினைச்சேன்," என்று பெருமூச்சு விட்டார் ரோலண்ட். "போன மாசம் வழியை ரெண்டு மடங்கு அகலமாக்கினேன். அந்த நேரத்துலயும் மூணுல ஒரு பங்குகூட ரொம்பல. ஆனாலும் கை விக்குது."

"ஆஸ்பத்திரிக்கு முன்னுரிமை உண்டா?" என்று கேட்டார் வெர்னா.

"உண்டு. ஆஸ்பத்திரி, ஆம்புலன்ஸ், தீயணைப்பு மூணுக்கும் அவசர முத்திரை போட்டிருக்கோம். அதுக்குத் தனிப் பாதை. ஆனா மொத்த அகலத்துல கொஞ்சம்தான் குடுத்திருக்கோம், ஊரை அது முழுங்கிடக் கூடாதுல்ல? வீட்டு இணைப்பெல்லாம் ஆர்விட் பார்த்துக்கிறான். அவன் போயிட்டு வந்த வீட்டுலேருந்து ரெண்டாவது புகார் வந்ததே இல்ல. தங்கமான பையன்!"

அந்தத் தங்கமான பையனுக்கு நாற்பது வயதாகிறது. அவன் வண்டியில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டெல்மருக்குக் கால் வைக்க இடமில்லை. கீழே ருபார்ப் ஜாம் பாட்டில்கள், ஊறவைத்த மீன் ஜாடிகள், துணியில் சுற்றிய மான்கறிச் சாசேஜ்.

"என்ன ஆர்விட், கடை போடப் போறியா?"

"போற வீட்டுலெல்லாம் குடுத்துடறாங்க. வேண்டாம்னா மனசு நோகுமே," என்றான் ஆர்விட், சாலையைப் பார்த்தபடி.

வெர்னா ஒரு ஜாடியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

ஆஸ்பத்திரி நிர்வாகி கோலெட் பேரன் அவர்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் விட்டிருந்தது. பரிசோதனைக்கு ஒரு ரப்பர் பொம்மையைப் படுக்க வைத்திருந்தார்கள். டுலூத்திலிருந்து மருத்துவர் அசைத்தார். கை தயங்கியது, துள்ளியது, பொம்மையின் விலாவில் இடித்தது.

"இதை நம்பி யார் வயித்தைக் காட்டறது?" என்றார் கோலெட்.

வெர்னா திரும்பினார். "ஆர்விட், ஆஸ்பத்திரியோட அவசர முத்திரையை எடுத்துடு."

டெல்மர் பதறினான். "ஐயோ, இருக்கிற மரியாதையையும் பிடுங்கச் சொல்றீங்களே!"

ஆர்விட் பதறவில்லை. முகம் மட்டும் வெளுத்தது. மடிக்கணினியில் இரண்டு தட்டுத் தட்டினான்.

கை வழுக்கிக்கொண்டு போனது. வெண்ணெய்மேல் கத்தி போவதுபோல. டுலூத் மருத்துவர் திரையில் சிரித்தார்.

ரோலண்டைக் கூப்பிட்டனுப்பினார்கள். அவர் பூட்ஸ் பனியோடு, கையில் அந்த பில்லோடு ஓடிவந்ததும் வெர்னா ஆரம்பித்தார்.

"நம்ம சர்ச் விருந்துல வயசானவங்களுக்குத் தனி வரிசை உண்டு. ஊர்ல பாதிப் பேரை அந்த வரிசையில நிறுத்தினா என்ன ஆகும்? பொது வரிசை காலியாக் கிடக்கும். பெரியவங்க தட்டை ஏந்திக்கிட்டு நிப்பாங்க. இங்கேயும் வழி பெருசு, கூட்டம் கம்மி. ஆனா அவசரப் பாதை குறுகல். முத்திரையை எடுத்ததும் கை சரியாச்சுன்னா, நெரிசல் அந்தப் பாதையிலதான். பசங்க வீட்டுக்கு வர்ற நேரத்துல ஏன் நெரியுது? முத்திரை வீடுகளுக்குப் போயிருக்கு. அந்த முத்திரையைப் போடக்கூடிய ஆள், வண்டி நிறைய நன்றிக்கடனோட சுத்துற ஆள், ரெண்டாவது புகாரே வராத ஆள் ஒருத்தர்தான்."

ஆர்விட் தொப்பியைக் கசக்கினான். "முதல்ல ஒரே ஒரு வீடுதான். மகன் ராணுவத்துல தூரமா இருக்கான். அவன் முகம் பாதியில உறைஞ்சு போகுதுன்னு அந்தம்மா அழுதாங்க. முத்திரை போட்டேன், சரியாச்சு. அவங்க பக்கத்து வீட்டுல சொல்லிட்டாங்க. அப்புறம்... எனக்கு இல்லேன்னு சொல்ல வரல, ரோலண்ட்."

"சொல்ல வரலயா!" ரோலண்ட் கத்தினார். "பதினெட்டாயிரம் டாலர்டா! சாவியைக் குடுத்துட்டுக் கிளம்பு!"

"அவரை அனுப்பினா வீடு வீடா யார் போறது?" என்றார் வெர்னா. "வழி அகலமானப்புறம் பொதுப் பாதையே நல்லா ஓடுது. வீடுகளோட முத்திரையை எடுத்தா யாருக்கும் எந்த நஷ்டமும் இல்ல. ஆஸ்பத்திரிக்குத் திரும்பப் போட்டுடுங்க. நாளைக்கே ஊர் நெரிஞ்சாலும் அந்தக் கை நிக்காது."

"அதெல்லாம் சரி. தண்டம் தண்டம்தான்," என்றார் கோலெட். "எந்தெந்த வீடுன்னு முதல்ல சொல்லட்டும்."

ஆர்விட் கோலெட் பக்கம் திரும்பினான். "உங்க வீடும்தான் மேடம். ஹாக்கி மேட்ச் நின்னு நின்னு வருதுன்னு உங்க வீட்டுக்காரர்... அந்தச் சாசேஜ் அவர் குடுத்ததுதான்."

டெல்மர் சிரிப்பை அடக்கத் தரையைப் பார்த்தான்.

"அந்த மனுஷன்," என்றார் கோலெட் மெதுவாக, "தினமும் சாப்பாட்டு மேசையில இந்தக் கையைப் பத்தி நான் புலம்பறதைக் கேட்டுக்கிட்டே மேட்ச் பாத்திருக்கார்."

பில்லை ரோலண்டிடமிருந்து வாங்கினார். பேனாவை எடுத்து, தொகையின் குறுக்கே அழுத்தி ஒரு கோடு போட்டார்.

"ஆர்விட், என் வீட்டுலேருந்து ஆரம்பி. இப்பவே போ, மேட்ச் தொடங்கறதுக்கு முன்னாடி. நர்ஸ், வெளியில ஸ்கேனுக்கு உக்காந்திருக்கிற பொண்ணை உள்ள கூப்பிடு."